செல்லரித்த இடத்தில் யார் பெயர்?

“மேடம், ஷேக்ஸ்பியர் நாடகமெல்லாம் எழுதினது ஒரு பொம்பளையாமே, நெஜமா?”

கடலூரில் நான் பாடம் நடத்தும் வகுப்பில் கடைசி வரிசை மாணவி ஒருத்தி இப்படிக் கேட்டாள். பெண்கள் மட்டுமே இருக்கும் வகுப்பு. ஆமாம் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்ற ஆசை அத்தனை முகங்களிலும் தெரிந்தது. எனக்கும் சொல்ல ஆசைதான். “அதுக்குச் சான்று இல்லம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அவள் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகம் சுருங்கிப்போனது அன்று மாலைவரை என்னை விடவில்லை. நான் சொன்னது சரிதான். ஆனால் இதே கேள்வியை நான் எல்லோரிடமும் கேட்கிறேனா? சான்று எங்கே என்று யாரைக் கேட்கிறேன், யாரைக் கேட்காமலே விட்டுவிடுகிறேன்? அந்த மாணவிக்கு நான் தாமதமாகச் சொல்லும் பதில்தான் இந்தக் கட்டுரை.

ஷேக்ஸ்பியர் மீதான சந்தேகத்தைப் பெரிய அளவில் கிளப்பியவரே ஒரு பெண்தான். அமெரிக்காவைச் சேர்ந்த டீலியா பேக்கன். பிரான்சிஸ் பேக்கன், வால்ட்டர் ராலே போன்ற கற்றறிந்த பெரிய மனிதர்கள் கூடி எழுதிய நாடகங்கள் அவை என்று வாதிட்டு, 1857இல் தடித்த புத்தகம் ஒன்றை வெளியிட்டார். நதானியேல் ஹாதார்ன் அதற்கு முன்னுரை எழுதினார். புத்தகம் எடுபடவில்லை. இரண்டே ஆண்டுகளில், 1859இல், மனநோயாளர் விடுதி ஒன்றில் டீலியா இறந்துபோனார். அவருடைய உழைப்பின் மீது எனக்கு மரியாதை உண்டு. அவருடைய வாதத்தின் மீது இல்லை. ஏனென்றால் அந்த வாதத்தின் அடியில் இருப்பது ஒரே ஒரு நம்பிக்கை: கையுறை செய்து விற்றவரின் மகன், பல்கலைக்கழக வாசல் மிதிக்காதவன், கூத்தாடி, இப்படிப்பட்டவனால் இதை எழுதியிருக்க முடியாது. ‘இவனால் முடியுமா?’ என்ற இந்தக் கேள்வி நமக்குப் பழக்கமானது. குலத்தைக் கேட்டுவிட்டுத் திறமையை அளக்கும் ஊரில் வாழ்கிறோம். அதே கேள்வியில் ‘இவன்’ என்பதை ‘இவள்’ என்று மாற்றினால், எழுத வந்த ஒவ்வொரு பெண்ணின் மீதும் எறியப்பட்ட கல் அது.

எமிலியா லேனியர் என்ற பெண்தான் ஷேக்ஸ்பியர் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். லேனியர் 1611இல் தம் பெயரிலேயே ஒரு கவிதை நூலை வெளியிட்டவர். அதில் ஏவாளுக்காக வாதாடியவர். அந்தக் கவிதைகளைப் படிக்காமல், அவர் எழுதியதாக நிறுவப்படாத நாடகங்களுக்காக அவரைக் கொண்டாடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு அவள் எழுதியதே போதாது, அவள் ஒரு பெரிய ஆணாகவும் இருந்தாக வேண்டும் என்பதுபோல. அறிஞர்களில் மிகப் பெரும்பான்மையோர் ஸ்ட்ராட்ஃபோர்டு ஊர்க்காரரையே ஆசிரியராக ஏற்கிறார்கள். அவர் தனியாக எழுதவில்லை என்பதையும் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். 2016இல் வந்த புதிய ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு, ஆறாம் ஹென்றி நாடகங்களுக்கு மார்லோவின் பெயரையும் சேர்த்து அச்சிட்டது. சந்தேகத்தால் விளைந்த நல்ல பயன் அது: ஒரு பெயரை அழித்து இன்னொரு பெயரை எழுதாமல், விடுபட்ட பெயரைப் பக்கத்தில் எழுதுவது.

இனி நம் பக்கம் வருவோம். பல ஆண்டுகளாக நாடகத் தாளில் பாசனின் ‘ஸ்வப்னவாசவதத்தம்’ நடத்தியிருக்கிறேன். மொழிபெயர்ப்பில்தான். ‘பாசன் எழுதிய’ என்று சொல்லும்போது ஒருமுறைகூட நாக்குத் தடுமாறியதில்லை. அந்தப் பெயர் அந்த நாடகத்தின் தலையில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று பின்னர்தான் படித்தேன்.

பாசன் என்றொரு பெரிய நாடக ஆசிரியர் இருந்தார் என்பது பழைய செய்தி. காளிதாசர் தம் ‘மாளவிகாக்னிமித்ர’த்தின் தொடக்கத்தில் அவரைப் புகழ்பெற்ற முன்னோராகக் குறிப்பிடுகிறார். பாணபட்டர் குறிப்பிடுகிறார். ஆனால் நாடகங்கள் கிடைக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், திருவாங்கூர் அரசின் சமஸ்கிருதச் சுவடி வெளியீட்டுத் துறையில் இருந்த த. கணபதி சாஸ்திரி, பத்மநாபபுரம் அருகே மணலிக்கரை மடத்தில் ஒரு பழைய ஓலைக்கட்டைக் கண்டெடுத்தார். மலையாள எழுத்தில் எழுதிய சமஸ்கிருத நாடகங்கள். இன்று அந்த ஊர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. பிற இடங்களில் கிடைத்தவற்றையும் சேர்த்துப் பதின்மூன்று நாடகங்களை 1912 முதல் பாசனுடையவை என்று அவர் அச்சிட்டார்.

இந்தப் பதின்மூன்று நாடகங்களில் ஒன்றின் முன்னுரைக் காட்சியிலும் எழுதியவர் பெயர் இல்லை. சமஸ்கிருத நாடகங்களில் சூத்திரதாரன் வந்து ஆசிரியர் பெயரைச் சொல்வது வழக்கம். காளிதாசரின் நாடகங்களில் உண்டு. ‘மத்தவிலாச’த்தில் பல்லவன் மகேந்திரவர்மன் பெயர் உண்டு. இங்கே இல்லை. அப்படியானால் பாசன் பெயர் எங்கிருந்து வந்தது? ராஜசேகரர் பெயரால் வழங்கும் ஒரு பழைய செய்யுள், பாசனின் நாடகங்களை நெருப்பிலிட்டுச் சோதித்தபோது ‘ஸ்வப்னவாசவதத்தம்’ மட்டும் எரியவில்லை என்கிறது. கட்டில் அந்தப் பெயரில் ஒரு நாடகம் இருந்தது. ஆகவே அது பாசனுடையது. மற்ற நாடகங்கள் அதைப்போலவே தொடங்குகின்றன, சொற்றொடர்கள் ஒத்துப்போகின்றன, ஆகவே அவையும் பாசனுடையவை. ஒரு நாடகத்துக்குக் கிடைத்த சான்று, முகச்சாயலை வைத்துப் பன்னிரண்டுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டது.

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. கீத் போன்றோர் சாஸ்திரியின் பக்கம் நின்றார்கள். பார்னெட், இந்த நாடகங்களின் அமைப்பு ‘மத்தவிலாச’த்தை ஒத்திருக்கிறது, எனவே இவை தென்னாட்டில் பிற்காலத்தில் எழுந்தவை என்றார். பழைய நூல்கள் ‘ஸ்வப்னவாசவதத்த’த்திலிருந்து என்று காட்டும் சில செய்யுள்கள் அச்சான பிரதியில் இல்லை என்பதையும் சிலர் எடுத்துக்காட்டினார்கள். கேரள அறிஞர்கள் சிலர், இவை கூடியாட்டம் ஆடிய சாக்கியார்கள் மேடைக்காகச் சுருக்கியும் கூட்டியும் வைத்துக்கொண்ட பிரதிகள் என்றார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. வழக்கு முடியவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் பெயர் நிலைத்துவிட்டது.

இதில் எனக்கு வருத்தம் ஒன்றுமில்லை. சாஸ்திரி மோசடி செய்யவில்லை. கையில் இருந்த சான்றை வைத்து நியாயமான ஓர் ஊகத்தைச் செய்தார். நான் கவனிக்கச் சொல்வது அந்த ஊகத்தின் தாராளத்தை. பெயரே இல்லாத பன்னிரண்டு நாடகங்களுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. ‘மிருச்சகடிக’த்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முன்னுரைக் காட்சி, ஆசிரியர் சூத்திரகர் நூறு ஆண்டும் பத்து நாளும் வாழ்ந்து தீப்புகுந்தார் என்று சொல்கிறது. தன் சாவைத் தானே எழுதிவைத்த ஆசிரியர்! இருந்தும் சூத்திரகர் பெயர் அட்டையிலிருந்து இறங்கவில்லை. ஆண் பெயருக்கு நாம் இவ்வளவு இடம் கொடுக்கிறோம்.

இப்போது இன்னொரு ஓலையைப் பாருங்கள். ‘கௌமுதீ மஹோத்ஸவம்’ என்ற சமஸ்கிருத நாடகத்தை 1929இல் ராமகிருஷ்ண கவியும் ராமநாத சாஸ்திரியும் பதிப்பித்தார்கள். அதில் ஆசிரியர் பெயர் சொல்லும் இடம் இருந்தது. ஆனால் ஓலை அந்த இடத்தில் சிதைந்திருந்தது. பெயரின் வால் மட்டும் மிஞ்சியது. ‘கயா’ என்ற ஈறு. சமஸ்கிருதத்தில் அது பெண்பாற் பெயரின் மூன்றாம் வேற்றுமையில் வருவது. ‘இன்னாளால் இயற்றப்பட்டது’ என்று பொருள். பெயர் போய்விட்டது, பெண் என்பது மட்டும் இலக்கணத்தில் தங்கிவிட்டது.

அந்தப் பெயரை விஜ்ஜிகா என்று ஊகித்தார்கள். பழைய தொகைநூல்களில் அப்படியொரு பெண் கவிஞர் உண்டு. வேறு பெயர் சொன்னவர்களும் உண்டு. இந்த ஊகம் பாசன் ஊகத்தைவிடப் பலவீனமானது என்று எனக்குத் தோன்றவில்லை. சொல்லப்போனால் இங்கே ஓலையே ‘பெண்’ என்கிறது. ஆனால் நாடகத்தைச் சுற்றி எழுந்த விவாதம் எங்கே போனது தெரியுமா? ஜயஸ்வால் போன்ற வரலாற்றறிஞர்கள் அதைக் குப்தர்களின் தொடக்க வரலாற்றுக்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். நாடகத்தில் வரும் சண்டசேனன் முதலாம் சந்திரகுப்தனா இல்லையா என்பது பெரிய சர்ச்சையானது. எந்த அரசன் என்று கேட்டவர்கள் அநேகர். எந்தப் பெண் என்று கேட்டவர்கள் சிலரே. பாசனைப் பாடமாக வைத்த எந்தத் தாளிலும் நான் ‘கௌமுதீ மஹோத்ஸவ’த்தைப் பார்த்ததில்லை. நானும் நடத்தியதில்லை.

பெயர் சிதையாமல் இருந்தால் மட்டும் என்ன நடந்தது? திருப்பாவையின் கடைசிப் பாட்டில் ஆண்டாள் தன் பெயரைச் சொல்கிறாள். நாச்சியார் திருமொழியிலும் பெரும்பாலான பதிகங்களில் கோதை என்ற முத்திரை விழுகிறது. அப்படியிருந்தும் ராஜாஜி, ஆண்டாள் என்றொருத்தி இருந்ததில்லை, அந்தப் பாடல்கள் பெரியாழ்வார் தம்மைப் பெண்ணாகப் பாவித்துப் பாடியவை என்று கருதினார். தன் பெயரைத் தானே சொன்னவளிடம் ‘நீ இருந்தாயா?’ என்று கேட்கிறோம். பெயரே சொல்லாதவனிடம் ‘நீங்கள் பாசன்தானே?’ என்று உபசரிக்கிறோம். இரண்டும் ஒரே தராசு என்று யாரும் சொல்ல முடியாது.

நாம் மட்டும் யோக்கியமா என்றால் இல்லை. குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் பெயர் கிடைக்காததால், பாட்டில் வந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அழைக்கிறோம். ‘ஆர்’ என்பது மரியாதைப் பலர்பால். ஔவையாருக்கும் உண்டு, ஒக்கூர் மாசாத்தியாருக்கும் உண்டு. ஆனால் செம்புலப்பெயனீரார் என்றதும் உங்கள் மனத்தில் வரும் உருவம் யார்? என் மனத்தில் இத்தனை ஆண்டுகளும் தாடி வைத்த ஒரு புலவர்தான் வந்துகொண்டிருந்தார். பாட்டில் பேசுபவன் தலைவன் என்பதால் எழுதியதும் ஆண் என்று முடிவுகட்டிவிட்டேன். அகப்பாட்டில் பெண் குரலில் ஆண்கள் பாடியதை வகுப்பில் பெருமையாகச் சொல்லும் நான், ஆண் குரலில் ஒரு பெண் பாடியிருக்கலாம் என்று நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. அந்தப் புலவர் பெண் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாத இடத்தைத் தெரியாத இடமாகவே வைத்திருக்க எனக்குத் தெரியவில்லை என்கிறேன்.

சிதம்பரத்தில் படித்த காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விடுதியிலிருந்து மாலை வேளைகளில் கோயிலுக்கு நடப்போம். கிழக்குக் கோபுர வாயிலின் இரு பக்கச் சுவர்களிலும் நாட்டிய சாத்திரம் சொல்லும் கரணங்கள் செதுக்கப்பட்டிருக்கும். கூடவே அந்தந்தக் கரணத்துக்கான சுலோகங்களும். தஞ்சைப் பெரிய கோயிலில் கரணம் ஆடுவது சிவன். சிதம்பரத்தில் ஆடுவது பெண்கள். சுலோகத்தின் ஆசிரியர் பரதர் என்று எழுதிவைத்திருக்கிறோம். அந்தச் சொற்களுக்கு இடுப்பும் முழங்காலும் கொடுத்து, கல்தச்சனுக்குக் காட்டியது எந்தப் பெண்களின் ஆட்டம் என்று எங்கும் எழுதவில்லை.

அதே சிதம்பரத்தின் இன்னொரு கதை நமக்கு நன்றாகத் தெரியும். தேவார ஏடுகள் கோயில் அறையில் பூட்டிக் கிடந்தன, ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது கறையான் அரித்தது போக மிஞ்சியதுதான் கிடைத்தது என்று திருமுறைகண்ட புராணம் சொல்லும். ஏடு கிடைத்ததோடு நாம் கதையை நிறுத்திக்கொள்கிறோம். அதன் பின்பாதி நம் மாவட்டத்தில் நடக்கிறது. சொல் கிடைத்துவிட்டது, பண் கிடைக்கவில்லை. அப்போது எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்போகிறார்கள். விருத்தாசலம் பக்கத்தில் ராஜேந்திரப்பட்டினம் என்று இன்று வழங்கும் ஊர். அவளை வைத்துத்தான் பண் வகுக்கப்பட்டது என்கிறது கதை. நடந்தது அப்படியே இதுதானா என்பது வேறு விஷயம். கதை சொன்னவர்களே ஒப்புக்கொண்டதை மட்டும் பாருங்கள். கறையான் தின்னாத ஒன்று ஒரு பெண்ணின் தொண்டையில் இருந்தது. தேடித்தந்த அரசனுக்குத் திருமுறை கண்ட சோழன் என்ற பட்டம் கிடைத்தது. தொகுத்தவர் பெயர் நிலைத்தது. அவள், நாம் கேட்டு வளர்ந்த கதையில், ‘பாணர் மரபுப் பெண்’. அவ்வளவுதான். ‘கயா’ போல ஓர் ஈறு.

சாக்கியார் பிரதிகள் என்ற வாதத்துக்கும் இங்கிருந்து திரும்பிப்போகலாம். கூடியாட்டத்தில் பெண் வேடங்களை ஆடுபவர்கள் நங்கையார்கள். தாளமிடுபவர்களும் அவர்களே. இந்த நாடகங்கள் மேடையில் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கப்பட்டவை என்றால், செதுக்கிய மேடையில் பெண்களும் நின்றிருந்தார்கள். ‘பாசனா, வேறொருவனா’ என்ற சண்டையில் அவர்கள் வரவே மாட்டார்கள். ‘யார் யார் சேர்ந்து?’ என்று கேட்டால் மட்டுமே வருவார்கள். கேள்வியை மாற்றினால் ஆட்கள் மாறுகிறார்கள். என் மாணவிக்கு நான் சொல்ல விரும்பும் முதல் பாடம் இது.

இந்தக் கேள்வியைக் கேட்கத் தேவையான காகிதங்கள் எல்லாம் கிடைத்த ஒரு வழக்கு இருபதாம் நூற்றாண்டில் உண்டு. பெர்டோல்ட் பிரெக்ட். நம் நவீன நாடகக்காரர்கள் பிரெக்ட்டின் பெயரைச் சொல்லாமல் பட்டறை நடத்துவதில்லை. அவருக்குப் பெரும்புகழ் தந்தது ‘மூன்று காசு இசைநாடகம்’. 1928 ஆகஸ்ட் 31 அன்று பெர்லினில் அரங்கேறியது. ஜான் கேயின் பழைய ஆங்கில நாடகம் லண்டனில் மறுபடி வெற்றிகரமாக ஓடுவதை அறிந்து, அதை ஜெர்மனில் மொழிபெயர்த்துக் கொடுத்தவர் எலிசபெத் ஹவுப்ட்மன். மொழிபெயர்ப்பாளர் என்று அவர் பெயர் போடப்பட்டது. வருமானம் பிரெக்ட்டுக்கு 62.5 விழுக்காடு, இசையமைத்த கர்ட் வைலுக்கு 25, ஹவுப்ட்மனுக்கு 12.5. அடுத்த ஆண்டு வந்த ‘ஹாப்பி எண்ட்’ நாடகத்தை ஹவுப்ட்மன் எழுதினார். ஆனால் டோரதி லேன் என்ற இல்லாத ஓர் எழுத்தாளரின் பெயர் அதில் வந்தது. மார்கரெட்டே ஸ்டெஃபின் என்ற தொழிலாளர் குடும்பத்துப் பெண், பிரெக்ட் நாடுகடந்து வாழ்ந்த காலத்தின் பெரிய நாடகங்களில் உடனிருந்து உழைத்தவர். 1941இல் காசநோயால் மாஸ்கோவில் இறந்தார். ‘காக்கேசிய வெண்கட்டி வட்ட’த்தில் ரூத் பெர்லாவின் உழைப்பு இருக்கிறது.

1994இல் ஜான் ஃப்யூகி, பிரெக்ட்டின் பெயரில் உள்ளவற்றில் பெரும்பகுதி இந்தப் பெண்களுடையது என்று ஒரு பெரிய நூல் எழுதினார். ‘மூன்று காசு இசைநாடக’த்தில் எண்பது விழுக்காடு ஹவுப்ட்மனுடையது என்றார். பிரெக்ட் ஆய்வாளர்கள் அந்த நூலில் உள்ள தவறுகளைப் பக்கம் பக்கமாகப் பட்டியலிட்டார்கள். இந்தச் சண்டையில் எனக்கு முக்கியமாகப் பட்டவர் ஜெர்மன் எழுத்தாளர் சபீனெ கேபிர். ஹவுப்ட்மனைப் பற்றி அவர் 1997இல் எழுதிய நூலின் தலைப்பு, ‘என் பங்கை நான் கேட்கவில்லை’ என்று பொருள்படும். ஹவுப்ட்மனை ஏமாந்த பெண்ணாக மட்டும் பார்ப்பது அவரை இன்னொரு முறை சிறுமைப்படுத்துவது என்பது கேபிரின் வாதம். தெரிந்தே, விரும்பியே, தொழில்முறையில் சேர்ந்து எழுதியவர் அவர். பிரெக்ட் இறந்த பிறகு அவருடைய நூல்தொகுதியைப் பதிப்பித்ததும் அவரே.

கேபிர் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். எழுதிய பெண்ணைப் பாவம் என்று சொல்லி அவளிடமிருந்து எழுத்தைப் பிடுங்கக்கூடாது. ஆனால் ‘அவள் கேட்கவில்லை’ என்பது ‘அவளுக்கு வேண்டாம்’ என்று ஆகிவிடாது. ‘வெண்கட்டி வட்ட’த்தின் முடிவு என்ன? பெற்றவள் ஒருத்தி, காப்பாற்றி வளர்த்தவள் ஒருத்தி. பிள்ளையைப் பிடித்து இழுக்க மனமில்லாமல் கையை விட்டவளுக்கே பிள்ளை என்று நீதிபதி தீர்ப்புச் சொல்கிறான். நம் மரியாதைராமன் கதையிலும் இரண்டு தாய்மார் வழக்கு உண்டு. கையை விட்டவளைப் பார்த்து நீதிபதி, ‘நீ கேட்கவில்லையே’ என்று சொல்லவில்லை.

கேட்காத ஒருத்தியை எனக்கு நெருக்கமாகத் தெரியும். என் அத்தை.

திருப்பாதிரிப்புலியூரில் வாழ்ந்து மறைந்தவர். அந்தப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பல ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தார். ஆண்டு விழாவுக்கு ஆண்டுதோறும் ஒரு நாடகம். அத்தை இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப்பெட்டியில் பதினோரு நோட்டுகள் கிடைத்தன. சில ஆண்டுகளின் விழா அழைப்பிதழ்களும் இருந்தன. அழைப்பிதழில் ‘நாடக ஆக்கம்’ என்று ஓர் ஐயாவின் பெயர் அச்சாகியிருக்கிறது. அவர் பின்னாளில் வெளியிட்ட ஒரு சிறு புத்தகத்தில் அந்த நாடகங்களில் இரண்டு இருக்கின்றன. அழைப்பிதழின் கடைசி வரி, ‘நன்றி: ஆசிரியைகள்’. மறுபடியும் பெயர் இல்லை, பெண்பால் ஈறு மட்டும்.

நோட்டுகளை மாதக்கணக்கில் வைத்துப் பார்த்தேன். நான் படித்த படிப்பு எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சந்தேகப்படத்தான். கையெழுத்து அத்தையுடையது, சரி. ஐயா சொல்லச் சொல்ல அத்தை எழுதியிருக்கலாமே? நகலெடுத்திருக்கலாமே? பாசனுக்கு ஒருநாளும் கேட்காத கேள்விகளை, என்னைத் தூக்கி வளர்த்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேள்வி சரியான கேள்விதான் என்பதால் விடவில்லை. நோட்டுகளே பதில் சொல்லின. மாதவி நாடகத்தில் கடைசிப் பேச்சு மூன்று முறை அடித்து எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் மூன்று விதம். முதலில் மாதவி அழுகிறாள். இரண்டாவதில் கோவலனை ஏசுகிறாள். மூன்றாவதில் மகளைக் கூப்பிட்டு, தனக்குத் தெரிந்த ஆட்டத்தையெல்லாம் கற்றுத்தர மாட்டேன் என்கிறாள். நகலெடுப்பவர் எழுத்தை விடுவார், வரியைத் தாண்டுவார். மூன்று முடிவுகளை யோசித்துப் பார்க்க மாட்டார். ஓரிடத்தில் ‘ழ’ வராத மாணவிக்காக வரி மாற்றப்பட்டு, ஓரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் எழுதியிருக்கிறது. ஐயாவின் புத்தகத்தில் மாற்றிய வரிதான் அச்சாகியிருக்கிறது.

வேறிடத்தில் அத்தையே ‘ஐயா சொன்னபடி’ என்று குறித்து ஒரு காட்சியைச் சேர்த்திருக்கிறார். ஆகவே ஐயாவுக்கும் பங்கு உண்டு. அதையும் எழுத வேண்டும். நான் கேட்பது இரண்டு பெயர்கள்.

ஒருமுறை, நான் கல்லூரியில் படித்தபோது, அத்தையிடம் நேராகவே கேட்டிருக்கிறேன். “உங்க பேரு ஏன் அத்தை போடல?”

“எதுக்குடி பேரு? புள்ளைங்க நல்லா பேசிச்சுங்களே, அது போதாதா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அரிசி களைந்துகொண்டே, “போட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்” என்றார். முதல் பதிலை மட்டும்தான் குடும்பத்தில் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள். அத்தைக்குப் புகழாசை இல்லை என்பதற்கு அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். இரண்டாவது பதிலைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

இந்தக் கட்டுரையில் அத்தையின் பெயரை எழுதலாமா என்று அவர் மகனிடம் கேட்டேன். “வேணாம்மா. அந்த ஐயா வீட்டுக்காரங்க இங்கதான் இருக்காங்க. நாளைக்கு மூஞ்சியப் பாக்கணும்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. தாயின் நோட்டுகளை எடைக்குப் போடாமல் என்னிடம் கொடுத்தவர் அவர்தான். ஆகவே இங்கே அந்தப் பெயர் இல்லை. இத்தனை பக்கம் மற்றவர்களைக் குறைசொன்ன நான், ‘ஓர் ஆசிரியை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். பெயர்கள் எப்படிக் காணாமல்போகின்றன என்று இப்போது எனக்கு நன்றாகப் புரிகிறது. கறையானும் வேண்டாம், கயவரும் வேண்டாம். ஒரே தெருவில் வாழ வேண்டியிருப்பதே போதும்.

ஆனால் செய்யக்கூடியவற்றைச் செய்திருக்கிறேன். பதினோரு நோட்டுகளையும் படமெடுத்து, எந்த நாடகம், எந்த ஆண்டு, யார் கையெழுத்து, எது அடித்தது, எது ஐயா சொன்னது என்று ஒரு பட்டியல் தயாரித்து, முதல் பக்கத்தில் அத்தையின் முழுப் பெயரை எழுதி வைத்திருக்கிறேன். அச்சாகும் காலம் வரட்டும்.

கடைசி வரிசைப் பெண்ணே, உன் கேள்விக்கு வருகிறேன். ஷேக்ஸ்பியர் பெண் இல்லை. அவர் பெண்ணாக இருந்தாக வேண்டிய அவசியமும் நமக்கு இல்லை. நமக்கு வேண்டியது ஒரே தராசு. பெயரில்லாத நாடகத்துக்குப் பாசன் பெயரை ஊகிக்கலாம் என்றால், சிதைந்த ஓலைக்கு விஜ்ஜிகா பெயரையும் ஊகிக்கலாம். ஆண்டாளிடம் சான்று கேட்பாயானால் சூத்திரகரிடமும் கேள். தெரியாத இடத்தில் ஆணை உட்கார வைக்காதே, பெண்ணையும் அவசரப்பட்டு உட்கார வைக்காதே. ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுத் தேடு. உன் வீட்டுப் பரணில் நோட்டு இருந்தால் எடு. எழுதியவர் உயிரோடு இருந்தால் இன்றைக்கே கேள். முதல் பதிலோடு எழுந்து வந்துவிடாதே. அவர் அரிசி களையும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திரு.

அடுத்த பருவத்தில் ‘ஸ்வப்னவாசவதத்தம்’ நடத்தும்போது பலகையில் ‘பாசன் எழுதியதாகக் கருதப்படுவது’ என்று எழுதப்போகிறேன். அதன் கீழே ‘கௌமுதீ மஹோத்ஸவம்’ என்று எழுதி, ஆசிரியர் பெயர் வரும் இடத்தில் சில புள்ளிகள் வைத்து, ‘கயா’ என்று முடிக்கப்போகிறேன். அந்தப் புள்ளிகளைப் பற்றிப் பேச ஒரு வகுப்பு நேரம் போதாது. போதாவிட்டால் மறுநாளும் பேசுவோம்.